வரிசையில் காத்திருக்கும் விலைக் கடிதம்

ஹுன்னஸ்கிரியவில் மிளகும் கராம்பும் கொள்வனவு செய்யும் வர்த்தகர் ஒருவர் திங்கட்கிழமை காலை கொழும்பு ஏற்றுமதியாளருக்கு மின்னஞ்சலில் விலை அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த விலை இரண்டு நாட்களுக்கே செல்லும். கணனி 'அனுப்பப்பட்டது' என்கிறது. ஆனால் கொழும்பிலுள்ள சேர்வர் இயங்கவில்லை. கடிதம் எங்கே?

அது அனுப்பியவரின் சேர்வரிலேயே வரிசையில் நிற்கிறது. மின்னஞ்சலுக்கான 2008ஆம் ஆண்டின் பொது விதி, குறைந்தது 30 நிமிட இடைவெளியில் மீண்டும் முயலவும், 4, 5 நாட்களின் பின்னரே கைவிடவும் சொல்கிறது. பலர் பாவிக்கும் போஸ்ட்ஃபிக்ஸ் மென்பொருள், நாம் மாற்றாவிட்டால் 5 நாட்கள் முயலும். தாமதம் பற்றி அனுப்பியவருக்கு ஒரு வார்த்தையும் சொல்லாது. திங்கள் விலை சனிக்கிழமை போய்ச் சேரலாம். அதற்குள் விலை ஏறியிருந்தால் நட்டம் யாருக்கு?

அதற்காக மறுமுயற்சியை அடியோடு நிறுத்தவும் கூடாது. மறுமுனையின் பதில் 4 இல் தொடங்கினால் 'பிறகு வா' என்று பொருள். 5 இல் தொடங்கினால் 'வேண்டாம்'. குப்பை அஞ்சலைத் தடுக்கச் சில சேர்வர்கள் புதியவரை முதல் தடவை வேண்டுமென்றே திருப்பி அனுப்புகின்றன.

எனவே சொந்த சேர்வர் வைத்திருப்போர் தமது கணனிக்காரரிடம் இரண்டு விடயங்களைக் கேளுங்கள். ஒன்று, கடிதம் காத்திருக்கும் காலத்தை ஒரு நாளாகக் குறைப்பது. மற்றது, சில மணி நேரத்தில் தாமத அறிவித்தல் வரச் செய்வது.

மாற்றங்களை முதலில் வேறொரு கணனியில் பரீட்சியுங்கள். பரீட்சைக் கடிதம் வாடிக்கையாளருக்குப் போனால் இல்லாத விலை ஊரெல்லாம் பரவும். ஆகவே அங்கிருந்து வெளியேறும் எல்லா அஞ்சலையும் போஸ்ட்ஃபிக்ஸுடன் வரும் 'எஸ்எம்டிபி-சிங்க்' கருவிக்குத் திருப்பிவிடுங்கள். அது கடிதங்களை வாங்கி எறிந்துவிடும். 'பிறகு வா' என்று பதில் சொல்லவும் வைக்கலாம். முகவரிகளுக்கு, 1999 இல் பரீட்சைக்கென ஒதுக்கப்பட்ட 'டொட் டெஸ்ட்' பெயர்களே பாதுகாப்பானவை.

காத்திருக்கும் காலத்தை 10 நிமிடமாகவும் மறுமுயற்சி இடைவெளியை ஒரு நிமிடமாகவும் வைத்தால், ஐந்து நாள் கதையைத் தேநீர் குடிக்கும் நேரத்தில் பார்த்துவிடலாம். கருவியை நிறுத்துங்கள், கடிதம் வரிசையில் நிற்கிறதா? மீண்டும் இயக்குங்கள், போகிறதா? நிறுத்தியே வைத்தால் அனுப்பியவருக்குத் திரும்பி வருகிறதா? மூன்றுக்கும் 'ஆம்' என்றால், நீங்கள் தீர்மானித்த உண்மையான அளவுகளை வேலை செய்யும் சேர்வரில் இடலாம்.

பிறருடைய சேவையில் மின்னஞ்சல் வைத்திருப்போர் இவற்றை மாற்ற முடியாது. அவர்களுக்கும் ஒரு வழி உண்டு: 'இவ்விலை புதன் மாலை வரை மட்டுமே' என்று கடிதத்திலேயே எழுதுங்கள். பெரிய தொகையானால் தொலைபேசியிலும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.