அஞ்சல் சர்வருக்கு எந்த டிஸ்க்?

அலுவலக மின்னஞ்சல் சர்வருக்கு விலையுயர்ந்த சான் (தனி வலையமைப்பில் இணைந்த) சேமிப்பகம் எதற்கு? மைக்ரோசாஃப்டின் அஞ்சல் சர்வர் மென்பொருளான எக்ஸ்சேஞ்சின் 2003 பதிப்புக் காலத்தில் காரணம் இருந்தது. தரவுத்தளம் 4 கிலோபைட் பக்கங்களாக டிஸ்க் முழுக்கச் சிதறிக் கிடக்கும். படிக்கும் முனை அங்குமிங்கும் தாவுவதிலேயே நேரம் போய்விடும். டிஸ்க்குகளை டஜன் கணக்கில் அடுக்கினால்தான் வேகம்.

2010 பதிப்பில் பக்கம் 32 கிலோபைட் ஆனது; ஒரு அஞ்சல்பெட்டியின் தரவு பெரும்பாலும் அடுத்தடுத்து அமர்ந்தது. 16 சர்வர்கள் வரை சேர்ந்த குழுவில் நகல்களை மென்பொருளே பராமரித்தது. டிஸ்க் செத்தால் அடுத்த நகல் பொறுப்பேற்கும். மூன்று நகல் இருந்தால், சர்வரில் நேரடியாக மாட்டிய மலிவான, நிமிடத்துக்கு 7,200 சுழற்சி கொண்ட டிஸ்க்கே போதும் என்பது என் கட்சி. ஒற்றைச் சர்வரா? ரெய்டு (பல டிஸ்க்குகளைச் சேர்த்துத் தரவைக் காக்கும் அமைப்பு) இல்லாமல் இறங்காதீர்கள். என்எஃப்எஸ் என்ற கோப்புப் பகிர்வு நெறிமுறை வழி நாஸ் (வலையமைப்புச் சேமிப்பு) பெட்டியில் எக்ஸ்சேஞ்ச் தரவுத்தளத்தை வைப்பதை மைக்ரோசாஃப்ட் ஆதரிப்பதே இல்லை.