கேஸ் சிலிண்டர் இல்லாமலே தொட்டிக்குள் தோட்டம்: தெரியுமா?

மீன் தொட்டியில் நிஜச் செடி வளர்க்கலாம் என்று கடைக்குப் போனால் கரியமில வாயு சிலிண்டர், தலைசுற்றும் விலையில் விளக்கு, பாட்டில் பாட்டிலாக உரம் என்று பட்டியல் நீள்கிறதா? அத்தனையும் இல்லாமலே தொட்டி பச்சைப் பசேலென்று நிற்கும்! தண்ணீருக்குள் செடி எப்படிச் சாப்பிடுகிறது என்பது தெரிந்தால் போதும். இதோ, பத்து ஆச்சரியங்கள்!

1. ஃபில்டரும் மோட்டாரும் இல்லாத தொட்டி 1850-லேயே இருந்தது, தெரியுமா?

லண்டன் வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன், இரண்டு தங்கமீன்களையும் வாலிஸ்னேரியா செடியையும் ஒரு தொட்டியில் விட்டார். செடி பிராணவாயு கொடுத்தது, மீன் பிழைத்தது. ஆனால் பட்டுப்போன இலைகள் அழுகித் தண்ணீர் கலங்கியது. என்ன செய்தார்? குளத்து நத்தைகளை உள்ளே போட்டார்! அழுகல் இலையை நத்தை தின்றது, நத்தையின் முட்டையை மீன் தின்றது, மீனின் கழிவைச் செடி தின்றது. கணக்கு நேர்! இதை அவர் வேதியியல் கழகத்துக்கே அறிக்கையாகக் கொடுத்தார். ஆகவே, செடியோடு ஒட்டிவந்த குட்டி நத்தையைக் கண்டு பதறாதீர்கள். அது பெரும்பாலும் மேய்வது பட்ட இலையையும் பாசியையும்தான். நத்தைக் கூட்டம் திடீரென்று பெருகினால், மீனுக்கு இரை அதிகமாகப் போடுகிறீர்கள் என்று அர்த்தம்!

2. விளக்கைக் கூட்டினால் செடி வளராது, பாசிதான் வளரும், தெரியுமா?

காற்றில் பரவும் வேகத்தில் ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒரு பங்கு வேகத்தில்தான் கரியமில வாயு தண்ணீரில் பரவுகிறது! பத்தாயிரத்தில் ஒரு பங்கு! செடி உணவு தயாரிக்க வெளிச்சமும் வேண்டும், இந்த வாயுவும் வேண்டும். வெளிச்சத்தை சுவிட்சைத் தட்டிக் கொடுத்துவிடலாம். வாயு வந்து சேர வேண்டாமா? செடி பயன்படுத்த முடியாமல் மிஞ்சும் வெளிச்சம் பாசிக்கு விருந்து. மிதமான எல்.இ.டி. விளக்கு, ஒரு நாளைக்கு 6 முதல் 8 மணி நேரம், நேர் வெயில் விழாத இடம். இதைத் தாண்டி ஆசைப்படாதீர்கள்!

3. செடிக்கும் மதிய ஓய்வு கொடுக்கலாம், தெரியுமா?

விளக்கு எரிந்த சில மணி நேரத்திலேயே தண்ணீரில் இருக்கும் கரியமில வாயுவைச் செடி காலி செய்துவிடும். நடுவில் நாலு மணி நேரம் விளக்கை அணைத்து வைத்தால், மீனும் அடிமண்ணும் விடும் வாயு மறுபடி சேர்கிறது. மாலையில் செடிக்கு இரண்டாம் பந்தி! சாதாரண டைமர் ஒன்று இருந்தால் வேலை முடிந்தது. இரவிலோ கதை தலைகீழ்: செடியும் மீனைப் போலவே பிராணவாயுவைச் செலவழிக்கும். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூடினால், ராத்திரி மட்டும் ஏர் பம்பைப் போட்டுவிடுங்கள்.

4. தோட்டத்து மண்ணே ஒரு கேஸ் சிலிண்டர், தெரியுமா?

அமெரிக்காவின் டயானா வால்ஸ்டட் 1999-ல் வெளியிட்ட புத்தகம், தொட்டி வளர்ப்பவர்களைத் திரும்பிப் பார்க்க வைத்தது. அவர் சொன்ன முறை இவ்வளவுதான்: அடியில் ஓர் அங்குலம் மண், அதன்மேல் ஓர் அங்குலம் சரளை. மண்ணில் இருக்கும் மக்கை நுண்ணுயிர்கள் சிதைக்கச் சிதைக்கக் கரியமில வாயு வெளியாகிறது. காசில்லாமல், இரவு பகலாக! ரசாயன உரமோ பச்சைச் சாணமோ கலக்காத மண்ணாக மட்டும் இருக்கட்டும்.

5. மீன் மூச்சு விடும்போதே உரம் போடுகிறது, தெரியுமா?

மீனின் கழிவான அம்மோனியாவில் பெரும்பகுதி செவுள் வழியாகவே வெளியேறுகிறது. ஃபில்டரில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும். ஆனால் பல நீர்ச்செடிகள் அதுவரை காத்திருப்பதே இல்லை. நைட்ரேட்டை விட அம்மோனியத்தையே முதலில் இழுத்துக்கொள்கின்றன! மீனுக்கு விஷம், செடிக்குத் தழைச்சத்து!

ஏதாவது குறைந்தால் இலையே சொல்லிவிடும். அடி இலைகள் மஞ்சளித்தால் தழைச்சத்துக் குறைவு. பழைய இலையில் பொடிப்பொடி ஓட்டை விழுந்தால் சாம்பல்சத்தைச் சந்தேகியுங்கள். புதுத் தளிர் வெளுத்து வந்தால் இரும்புச்சத்து போதவில்லை.

6. போர் தண்ணீரில் சில செடிகள் கொண்டாட்டம் போடும், தெரியுமா?

பள்ளிக்கூடத்துப் புனல் பரிசோதனையில் ஹைட்ரில்லாவுக்கு ஒரு சிட்டிகை சோடா உப்பு போட்டது நினைவிருக்கிறதா? கரியமில வாயுவுக்குத் தட்டுப்பாடு வந்தால் ஹைட்ரில்லா, வாலிஸ்னேரியா போன்றவை தண்ணீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட்டிலிருந்தே கார்பனை எடுத்துக்கொள்ளும்! அதுமட்டுமா, ஹைட்ரில்லா அந்த நேரத்தில் கரும்பும் மக்காச்சோளமும் உணவு தயாரிக்கிற முறைக்கே தன்னை மாற்றிக்கொள்ளும்! பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும் கடினநீர் இவற்றுக்கு ஒத்துக்கொள்ளும். வாயில் வைத்தால் கரிக்கும் உப்புத் தண்ணீர் வேறு. அதைத் தொட்டியில் ஊற்றாதீர்கள்.

7. வாங்கிவந்த செடி அழுகுவது நல்ல சகுனமாகவும் இருக்கலாம், தெரியுமா?

கடையில் விற்கும் செடிகளில் பெரும்பாலானவை பண்ணையில் தண்ணீருக்கு வெளியே, ஈரக் காற்றில் வளர்ந்தவை! காற்றுக்கென்று உருவான இலை தண்ணீருக்குள் நிலைக்காது; அது உதிர்ந்து, மெல்லிய புது இலை வர வேண்டும். இதில் கிரிப்டோகோரைன் ரொம்ப ரோஷக்காரச் செடி. இலங்கை மண்ணுக்கே உரிய வென்டி வகை, இடம் மாறினாலே இலை முழுவதையும் கூழாக்கிவிடும். பிடுங்கி எறிந்துவிடாதீர்கள்! வேர் உயிரோடு இருந்தால் சில வாரங்களில் துளிர்க்கும். அழுகிய இலையை மட்டும் அகற்றுங்கள், செடியை அசைக்காதீர்கள்.

8. மண்ணில் நட்டால் செத்துப்போகும் செடிகளும் உண்டு, தெரியுமா?

ஆப்பிரிக்காவின் அனுபியாஸ், தென்கிழக்கு ஆசியாவின் ஜாவா ஃபெர்ன் இரண்டுக்கும் படுத்து வளரும் மட்டத்தண்டு உண்டு. அதைச் சரளைக்குள் புதைத்தால் அழுகல்தான். கல்லிலோ கட்டையிலோ நூலால் கட்டிவிடுங்கள். வேர் தானே பற்றிக்கொள்ளும். இரண்டும் குறைந்த வெளிச்சத்திலேயே நிதானமாக வளர்பவை. ஜாவா ஃபெர்னின் இலையிலேயே குட்டிச் செடிகள் முளைப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? கிள்ளி எடுத்து அடுத்த கல்லில் கட்டினால் புதுச் செடி!

9. தண்ணீரின் மேல் படகு விட்டுக் கல்யாணம் செய்யும் செடி எது, தெரியுமா?

நம் வாலிஸ்னேரியாவேதான்! ஆண் பூ மொட்டுகள் அடியிலிருந்து கழன்று மேலே வந்து, விரிந்து, மிதந்து போகும். பெண் பூ நீண்ட காம்பில் நீர்மட்டத்துக்கு வந்து காத்திருக்கும். மகரந்தம் சேர்ந்ததும் அந்தக் காம்பு சுருள் சுருளாகச் சுருண்டு, காயை நீருக்குள் இழுத்துக்கொள்ளும்!

இன்னும் கேளுங்கள்: செரட்டோபில்லம் என்ற நீர்ச்செடிக்கு வேரே கிடையாது. உருண்டை உருண்டையாக விற்கும் மரிமோ செடியே அல்ல, பாசி. ஜப்பானின் ஆகான் ஏரியில் அது சட்டப் பாதுகாப்பு பெற்ற இயற்கைச் சின்னம். ‘பகோபா மோனியேரி’ என்று தொட்டிச் செடியாக விற்பது வேறொன்றுமில்லை, வயல் ஓரத்து ஈரத்தில் படர்ந்து கிடக்கும் நம் நீர்ப்பிரமி! நுனியைக் கிள்ளி நட்டாலே பிடித்துக்கொள்ளும்.

10. தொட்டிச் செடி ஒன்று ஒரு மாநிலத்தையே திணறடித்தது, தெரியுமா?

1950-களின் தொடக்கத்தில், மீன் தொட்டிக்கு அழகாக இருக்கும் என்று இலங்கையிலிருந்து அமெரிக்காவின் புளோரிடாவுக்குப் போனது ஹைட்ரில்லா. அங்கே கால்வாயில் கலந்தது, அவ்வளவுதான்! ஒரு கணு கொண்ட துண்டு போதும், முழுச் செடியாகிவிடும். சேற்றில் புதைந்த அதன் குட்டிக் கிழங்குகள் வருடக்கணக்கில் உயிரோடு கிடக்கும். ஏரிகளையும் ஆறுகளையும் மூடிய அதை அடக்கக் கோடிக்கணக்கான டாலர்கள் செலவாகியும் முற்றாக ஒழிக்க முடியவில்லை. சிலிண்டரும் உரமும் கேட்காமல் வளர வேண்டும் என்று எந்தக் குணத்துக்காக ஒரு செடியைத் தேடி வாங்குகிறோமோ, அதே குணம்தான் ஏரிக்கு ஆபத்து! ஆகவே கத்தரித்த தண்டை வாய்க்காலில் வீசாதீர்கள். வெயிலில் நன்றாகக் காயவைத்து ரோஜாச் செடிக்கு அடியில் புதையுங்கள். தொட்டியிலிருந்து மாற்றும் பழைய தண்ணீரையும் அங்கேயே ஊற்றுங்கள். மீன் போட்ட உரம் அதில் மிச்சம் இருக்கிறது!