வீட்டையும் கொடுத்த வணிகர்

திருகோணமலைத் துறைமுகத்தின் கரையில் வாழும் நமக்கு வணிகம் புதிதன்று. கப்பல் வரும், சரக்கு இறங்கும், சிலருடைய கைப்பொருள் பெருகும். பெருகிய பொருள் பின்னர் எங்கே செல்கின்றது என்பதை மட்டும் நாம் அதிகம் பேசுவதில்லை. இயேசுவிடம் வந்து, தன் சொத்தை எண்ணித் துயரத்தோடு திரும்பிச் சென்ற செல்வரான இளைஞனை மத்தேயு நற்செய்தியின் 19ஆம் அதிகாரத்தில் காண்கின்றோம். அவ்வாறு திரும்பிச் செல்லாத ஒருவரை இவ்வாரம் நினைவுகூர்வோம். அவர் நம் திருச்சபையைச் சேர்ந்தவரல்லர். எனினும் நம் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்லத்தக்க வாழ்வு அவருடையது.

அழகப்பச் செட்டியார் 1909ஆம் ஆண்டு காரைக்குடிக்கு அருகிலுள்ள கோட்டையூரிற் பிறந்தார். கடல் கடந்து இலங்கை, பர்மா, மலாயா நாடுகளில் வணிகம் வளர்த்த நகரத்தார் குலம் அது. சென்னை மாநிலக் கல்லூரியில் எம்.ஏ. பட்டமும், இலண்டனில் பாரிஸ்டர் பட்டமும் பெற்றார். விமானம் ஓட்டவும் கற்றார். மலாயாவில் இறப்பர்த் தோட்டம், கேரளத்தில் நெசவாலை, பின்னர் விமானக் கொம்பனி என அவர் தொட்ட தொழில்கள் பல. பிரித்தானிய அரசு 'சர்' பட்டமும் அளித்தது. இந்தியா விடுதலை பெற்றதும் அதனைத் துறந்தார்.

1947 ஜூலை 3ஆம் நாள் சென்னையில் நடைபெற்ற அன்னி பெசன்ட் நூற்றாண்டு விழாக் கூட்டத்தில், செல்வர்கள் கல்லூரிகள் தொடங்க முன்வர வேண்டுமெனத் துணைவேந்தர் இலட்சுமணசுவாமி முதலியார் வேண்டினார். அழகப்பர் அங்கேயே எழுந்து காரைக்குடியில் ஒரு கல்லூரியை அறிவித்தார். மேடையிற் கொடுத்த வாக்கு வீடு வந்து சேர்வதற்குள் ஆறிப்போவதை நாம் எத்தனை முறை கண்டிருக்கின்றோம்! (நம் பங்குக் கட்டட நிதிப் பட்டியல்களையும் சற்றே எண்ணிப் பாருங்கள்.) அவருடைய கல்லூரியோ ஆகஸ்ட் 11ஆம் நாளே திறக்கப்பட்டது. இடையில் ஒரு தவக்காலத்தின் நாற்பது நாள்கூட இல்லை.

அதன்பின் கொடை நிற்கவில்லை. மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையத்துக்கு 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் வழங்கினார். வறண்ட அப்பகுதிக்குப் பிரதமர் நேருவே வந்து 1948இல் அதற்கு அடிக்கல் நாட்டினார். பொறியியற் கல்லூரியும் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியும் எழுந்தன. பெண்களுக்கெனக் கல்லூரி அமைத்தபோது, தாம் குடியிருந்த இல்லத்தையே அதற்காக ஒப்படைத்தார். மிகுதியிலிருந்து கொடுப்பது வேறு. தலை சாய்க்கும் இடத்தைக் கொடுப்பது வேறு. கோயிலில் இரு காசு இட்ட கைம்பெண்ணை இயேசு பாராட்டியது இந்த வேறுபாட்டைக் கண்டதனாலன்றோ?

இவ்வளவும் நலமான உடலோடு செய்யப்பட்டதன்று. தொழுநோய் அவரைப் பற்றியிருந்தது. அந்நாளில் அந்நோய் மனிதரை மனிதரிடமிருந்து பிரித்துவிடும். அவர் எழுப்பிய வகுப்பறைகளில் மாணவர் கூட்டம் பெருகிய ஆண்டுகளிலேயே அவருடைய உடல் தளர்ந்துகொண்டிருந்தது. 1957 ஏப்ரல் 5ஆம் நாள், நாற்பத்தெட்டாவது பிறந்த நாளுக்கு முந்தைய நாள், அவர் மறைந்தார். அவர் பெயரிலேயே 1985இல் காரைக்குடியிற் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது.