அகன்ற டயரும் ஐப்பசி மழையும்

கடலூரிலிருந்து சிதம்பரம் வரை வங்கக் கடலுக்கு இணையாகத் தெற்கு நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், சித்திரை வைகாசி நடுப்பகலில் தார் அறுபது பாகை சென்டிகிரேடு வரை சுடுகின்றது. அதே தார், இம்மாவட்டம் ஆண்டு முழுவதும் பெறும் மழையில் பாதிக்கு மேற்பட்டதை வடகிழக்குப் பருவக்காற்று ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிய சில வாரங்களிலேயே கொட்டித் தீர்த்துவிடுவதால், வயலோடு வயலாக நீரில் கிடக்கின்றது. வேகத்திற்கென்றே அமைக்கப்பெற்ற காரொன்றை இப்பிரதேசத்தில் ஓட்டுபவர், அதன் முதல் டயர்கள் தேய்ந்தபின் புதியவற்றைத் தேர்ந்தெடுக்கையில், இவ்விரு பருவங்களையும் மனத்திற்கொள்ள வேண்டும் என்பதும், இரண்டினுள்ளும் மழைக்கே முதலிடம் தரவேண்டும் என்பதும் என் திடமான அபிப்பிராயம்.

இத்தகைய கார் வைத்திருப்போருக்குப் பெரும்பாலும் முதலில் எழும் ஆசை, முன்னிருந்ததைவிட அகலமான டயரைப் போடவேண்டும் என்பதுதான். அகலம் கூடினால் தரையைத் தொடும் பரப்பும் கூடும் என்று எண்ணுவது இயல்பே. ஆனால் காரின் பாரத்தைப் பெரும்பாலும் தாங்குவது டயருக்குள் அடைபட்டிருக்கும் காற்றேயாதலால், அப்பரப்பை ஏறக்குறைய நிர்ணயிப்பவை பாரமும் காற்றழுத்தமுமே. 1,500 கிலோ எடையுள்ள காரில் ஒரு சக்கரத்தின் பங்கு 375 கிலோ. 32 பவுண்டு அழுத்தம் என்பது சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 2.25 கிலோ, வகுத்துப் பார்த்தால் தொடும் பரப்பு 167 சதுர சென்டிமீட்டரை ஒட்டி நிற்கும். டயர் அகன்றால் முக்கியமாக மாறுவது அப்பரப்பின் வடிவம். நீண்டு ஒடுங்கியிருந்தது, குறுகி அகல்கின்றது. உலர்ந்த வளைவில் இவ்வடிவம் காரை உறுதியாகத் திருப்ப உதவும் என்பதும், ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டைப் பந்தயப் பாதை போன்ற இடங்களில் அதன் அருமை விளங்கும் என்பதும் உண்மை. நீர் தேங்கிய சாலையிலோ அதுவே பகையாகின்றது.

225 மில்லிமீட்டர் அகலமுள்ள டயர், மூன்று மில்லிமீட்டர் நீர் நிற்கும் சாலையில் மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது, ஒவ்வொரு விநாடியும் ஏறத்தாழ 17 லிட்டர், அதாவது ஒரு குடம் தண்ணீரைத் தன் வழியினின்றும் அகற்றியாக வேண்டும். 195 மில்லிமீட்டர் டயருக்கு அந்த வேலை 15 லிட்டருக்குள் அடங்கும். டயரின் மேற்பரப்பில் புடைத்து நிற்கும் பட்டன்களுக்கு நடுவே வெட்டப்பட்டிருக்கும் கால்வாய்கள் இந்நீரைக் கடத்த இயலாத கணத்தில், நீர் டயருக்கடியில் ஆப்புப்போல் நுழைந்து அதைத் தரையினின்று தூக்கிவிடுகின்றது. அப்பொழுது ஸ்டியரிங்கும் பிரேக்கும் பயனற்றவை. நாசாவின் வால்டர் ஹார்ன் முதலியோர் 1960களில் விமான டயர்களைக் கொண்டு நடத்திய பரிசோதனைகளில், நீர் ஆழமாக நிற்கும்போது இவ்வாறு மிதக்கத் தொடங்கும் வேகம் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்று கண்டனர். அவ்விதிப்படி 32 பவுண்டு காற்றுள்ள டயர் சுமார் 94 கிலோமீட்டரிலும், 24 பவுண்டுக்கு இறங்கிவிட்ட டயர் சுமார் 82 கிலோமீட்டரிலும் மிதக்கும். கார் டயரில் தொடும் பரப்பின் வடிவமும் பட்டனின் ஆழமும் இக்கணக்கை மாற்றுமாயினும், மாதக்கணக்கில் காற்றுப் பார்க்காதவர் மழையில் எத்தகைய அபாயத்தை மேற்கொள்கிறார் என்பதை அது காட்டப் போதும். புதிய டயரில் எட்டு மில்லிமீட்டரை ஒட்டியிருக்கும் பட்டன் 1.6 மில்லிமீட்டராகத் தேயும்வரை சட்டம் அனுமதிக்கின்றது. மூன்றுக்கு வந்தவுடனே, அதுவும் ஐப்பசி பிறக்குமுன், மாற்றிவிடுவதே விவேகம்.

இனி ரப்பரின் குணம். சாலையின் நுண்ணிய மேடுகளின்மேல் அழுந்தி மீளும் ரப்பர், வாங்கிய சக்தி முழுவதையும் திருப்பித் தருவதில்லை; ஒரு பகுதி உஷ்ணமாக நஷ்டமாகின்றது. இந்த நஷ்டமே பிடிப்புக்கு ஒரு முக்கிய காரணம். அதே நஷ்டம், கார் உருள்கையில் எரிபொருளைத் தின்னும் சுமையாகவும் ஆகின்றது. 1992இல் மிஷலின் நிறுவனம் கரித்தூளின் பெரும்பங்குக்குப் பதிலாகச் சிலிகாவைக் கலந்து, ஈரத்தில் பிரேக் பிடிக்கும்போது நஷ்டம் மிகுந்தும் சாதாரணமாக உருள்கையில் குறைந்தும் இருக்கும் ரப்பரைச் சந்தைக்குக் கொண்டுவந்தது, டயர் விஞ்ஞானத்தில் ஒரு மகத்தான திருப்பம் என்றே கருதுகிறேன். ஆகவே விற்பனையாளரிடம் முதலில் விசாரிக்க வேண்டியது ஈரச்சாலையில் அந்த டயரின் பிடிப்பைப் பற்றியே. பந்தயத்திற்கென வார்க்கப்படும் மிக மிருதுவான ரப்பர் நம் வெயிலில் விரைவில் தேய்ந்து, மழைக்காலம் வருமுன்னரே பட்டன் ஆழத்தை இழந்துவிடும்.

பக்கவாட்டில் 225/45 ஆர் 17 94 டபிள்யூ என்றிருந்தால், 225 மில்லிமீட்டர் அகலம், அதில் 45 சதவீத உயரம், 17 அங்குல வீல், டயரொன்றுக்கு 670 கிலோ பாரம், மணிக்கு 270 கிலோமீட்டர் வேகம் என்று பொருள். அவ்வேகத்தில் யாரும் சிதம்பரத்தை அடுத்த புவனகிரிக்குப் போகப் போவதில்லை. எனினும் உஷ்ணத்தைத் தாங்கும் திறனையும் அவ்வெழுத்து குறிப்பதால், கார்த் தயாரிப்பாளர் விதித்ததற்குக் கீழே இறங்கலாகாது. தயாரான தேதியையும் பார்க்கவேண்டும்: 1224 என்றால் 2024ஆம் ஆண்டின் பன்னிரண்டாம் வாரம். ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் டயர்த் தொழிற்சாலைகள் இயங்கும் தமிழ்நாட்டிலும், இத்தகைய கார்களுக்குரிய அளவுகள் சில கப்பலேறி வந்து கிடங்கில் நெடுநாள் காத்திருப்பதுண்டு.

இரண்டை மட்டும் மாற்றுபவர், முன்சக்கரம் இழுக்கும் காராயினும், புதியவற்றைப் பின்பக்கமே மாட்டச் சொல்ல வேண்டும். முன்பக்கம் வழுக்கினால் கார் நேரே போக முயல்வது ஸ்டியரிங்கில் தெரியும். வேகத்தைத் தணித்தால் பெரும்பாலும் பிடிப்பு மீளும். பின்பக்கம் வழுக்கினாலோ கார் சுழன்றுவிடும். தேர்ந்த ஓட்டுநருக்குக்கூட அதைத் திருத்தும் அவகாசம் அரிதாகவே கிடைக்கின்றது.