தாவிப் பார், தரம் தெரியும்

ரசிகர்கள் உருவாக்கும் வீடியோ கேம்களை எடைபோட இயற்பியலும் மூளை அறிவியலும் தரும் அளவுகோல்கள்

2016 ஆகஸ்ட் 6 அன்று அர்ஜென்டினாவைச் சேர்ந்த மில்டன் குவாஸ்தி ஒரு வீடியோ கேமை இணையத்தில் இலவசமாக வெளியிட்டார். நின்டெண்டோ நிறுவனம் 1991இல் கேம்பாய் கருவிக்காகக் கொண்டுவந்த ‘மெட்ராய்டு 2’ கேமை, ஒரு ரசிகராகத் தன் ஓய்வு நேரத்தில் பல ஆண்டுகள் உழைத்துப் புதிதாக அவர் செய்திருந்தார். பெயர் ‘ஏஎம்2ஆர்’. சில நாள்களுக்குள் நின்டெண்டோவின் சட்ட நோட்டீஸ் வந்தது. பதிவிறக்க இணைப்புகள் அகற்றப்பட்டன. 2017 செப்டம்பரில் நின்டெண்டோவே அந்தப் பழைய கேமின் அதிகாரபூர்வ மறு ஆக்கத்தை வெளியிட்டது. இரண்டையும் ஆடிப் பார்த்துவிட்டு, ரசிகர் செய்ததே மேல் என்று இன்றும் வாதாடுபவர்கள் உண்டு.

பெரிய நிறுவனத்தின் படைப்போடு ஒப்பிடும் அளவுக்கு ஒரு தனிமனிதரின் வேலை உயர்ந்தது எப்படி? மரியோ, சோனிக், மெகா மேன் என்று பிரபலப் பாத்திரங்களை வைத்து ரசிகர்கள் செய்யும் கேம்கள் ஏராளம். எல்லாவற்றிலும் அன்பு இருக்கிறது. ஆனால் ஆடத் தொடங்கிய சில நிமிடங்களில் ஒன்று கையோடு ஒட்டிக்கொள்கிறது, இன்னொன்று எரிச்சலூட்டுகிறது. இந்த வேறுபாட்டை வெறும் ரசனை என்று ஒதுக்கிவிட முடியாது. அதில் பெரும்பகுதியை அளக்க முடியும்.

தாவலின் கணக்கு

ஓடுவது, பள்ளம் தாண்டுவது, மேடைக்கு மேடை தாவுவது - இதுதான் பிளாட்ஃபார்ம் கேம். அதன் உயிர்நாடி தாவல். கேரம் தெரிந்தவர் போர்டின் பளபளப்பைப் பார்த்து மயங்குவதில்லை. ஸ்டிரைக்கரை ஒருமுறை சுண்டிப் பார்ப்பார். அதுபோல இந்த வகை கேம் கைக்கு வந்ததும் முதல் எதிரியை நோக்கி ஓடாமல், நின்ற இடத்திலேயே பத்துமுறை தாவிப் பார்க்க வேண்டும்.

1985இல் வந்த ‘சூப்பர் மரியோ பிரதர்ஸ்’ கேமை எடுத்துக்கொள்வோம். நின்றபடி பட்டனை அழுத்திப் பிடித்தால் மரியோ, அந்த உலகை அடுக்கியிருக்கும் சதுரக் கட்டைகளில் நான்கின் உயரம் எழும்புகிறார். உச்சியைத் தொட அரை விநாடிக்குச் சற்றே கூடுதலாக ஆகிறது. ஒரு கட்டை உயரமுள்ள மரியோவை ஒன்றரை மீட்டர் மனிதர் என்று வைத்துக்கொண்டால் அது ஆறு மீட்டர் தாவல். பூமியின் ஈர்ப்பில் அவ்வளவு உயரம் எழும்ப 1.1 விநாடி வேண்டும். அப்படியென்றால் மரியோவின் உலகில் ஈர்ப்பு பூமியைப் போல நான்கு மடங்குக்கும் மேல்!

இதோடு முடியவில்லை. கீழே இறங்கும்போது அந்த ஈர்ப்பு இன்னும் மூன்றரை மடங்கு கூடுகிறது. பட்டனைப் பாதியில் விட்டாலும் அப்படியே கூடும், தாவல் குட்டையாகிவிடும். நியூட்டன் ஒப்புக்கொள்ள மாட்டார். ஆனால் ஆடுபவரின் விரலுக்கு இதுதான் உண்மையான தாவலாகத் தோன்றுகிறது: மேலே போகும்போது குறிபார்க்க அவகாசம், இறங்கும்போது சட்டென்று தரை.

அனுபவம் இல்லாத ரசிகர்கள் முதலில் சறுக்குவது இங்கேதான். ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் ஒரே ஈர்ப்பை வைத்துவிடுவார்கள். பாடப்புத்தகப்படி அது சரியான பரவளையம்தான். ஆனால் பாத்திரம் பலூன்போல மிதக்கும். படங்கள் எவ்வளவு அழகாக இருந்தாலும் இந்த மிதப்பு இருந்தால் மதிப்பெண்ணைக் குறைக்கத் தயங்க வேண்டாம்.

பத்தில் ஒரு விநாடி

மனிதர் எப்படி உணர்ந்து செயல்படுகிறார் என்பதை ஸ்டூவர்ட் கார்டு, தாமஸ் மோரன், ஆலன் நியூவெல் ஆகிய மூவரும் 1983இல் ஒரு மாதிரியாக வகுத்தார்கள். நம் புலன்கள் ஏறக்குறைய 100 மில்லி விநாடிக்குள் நடப்பவற்றை ஒரே நிகழ்வாகச் சேர்த்துக்கொள்கின்றன என்பது அதன் ஒரு பகுதி. பட்டனை அழுத்தியதற்கும் பாத்திரம் அசைவதற்கும் இடையிலான நேரம் இந்த எல்லைக்குள் இருந்தால் ‘நான் தாவினேன்’ என்று தோன்றும். கடந்துவிட்டால் ‘அது தாவியது’ என்று தோன்றும். விநாடிக்கு 60 ஃப்ரேம் ஓடும் கேமில் ஒரு ஃப்ரேம் 16.7 மில்லி விநாடி. ஆக, ஆறு ஃப்ரேம்தான் கையிருப்பு. அதிலும் திரையும் கன்ட்ரோலரும் தங்கள் பங்கை எடுத்துக்கொண்டுவிடும். தாவுவதற்கு முன் பாத்திரம் குனிந்து தயாராகும் அனிமேஷனை அழகுக்காகச் சேர்க்கும் ரசிகர், தெரியாமலேயே இந்தக் கையிருப்பைத் தின்றுவிடுகிறார்.

நல்ல கேம்கள் வேகமாகப் பதில் சொல்வதோடு நிற்பதில்லை; ஆடுபவரின் சிறு தவறுகளை மன்னிக்கவும் செய்கின்றன. மேடை விளிம்பைத் தாண்டிய பிறகும் கொஞ்ச நேரம் தாவ விடுவதை ‘கயோட்டி டைம்’ என்பார்கள். 2018இல் வந்த ‘செலஸ்ட்’ கேமில் பாத்திரத்தை இயக்கும் நிரலை அதன் படைப்பாளிகள் பொதுவில் வைத்திருக்கிறார்கள். அதில் இந்தச் சலுகை 0.1 விநாடி. தாவும்போது கூரை மூலையில் தலை நான்கு பிக்சல் வரை இடித்தால், பாத்திரத்தை ஓரமாக நகர்த்தி மேலே போகவிடும் ஏற்பாடும் உண்டு. ஆடுபவருக்கு இவை கண்ணில் படுவதே இல்லை. ‘விளிம்பில்தானே அழுத்தினேன், ஏன் விழுந்தேன்?’ என்ற கேள்வி எழாமல் இருப்பதுதான் இவை வேலை செய்வதற்கான சாட்சி. ரசிகர் செய்த கேமில் அந்தக் கேள்வி அடிக்கடி எழுந்தால் குற்றம் உங்கள் விரலில் இல்லை.

சரிவும் கேமராவும்

சோனிக் வகை கேம் என்றால் இன்னொரு சோதனை உண்டு. 1991இல் வந்த முதல் ‘சோனிக்’கில் தரையின் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு கோணம் இருக்கிறது. மேல்நிலைப் பள்ளியில் படிக்கும் சாய்தளக் கணக்குப்படி, கோணத்தின் சைன் மதிப்பைப் பொறுத்து ஏற்றத்தில் வேகம் குறையும், இறக்கத்தில் கூடும். எனவே கிண்ணம்போல் வளைந்த தரையில் பட்டனை விட்டுவிட்டுப் பாருங்கள். சோனிக் தானாக வேகம் இழந்து திரும்பி வந்தால் செய்தவர் இயற்பியலைப் புரிந்துகொண்டிருக்கிறார். சமதரையிலும் சரிவிலும் ஒரே வேகத்தில் ஓடினால், அது சோனிக்கின் படம் ஒட்டிய வேறு ஏதோ.

வேகம் கூடினால் கேமராவும் ஒத்துழைக்க வேண்டும். பழைய சோனிக் தரையில் ஓடும் உச்ச வேகம் ஃப்ரேமுக்கு 6 பிக்சல், அதாவது விநாடிக்கு 360. திரையின் அகலம் 320 பிக்சல். சோனிக் நடுவில் இருந்தால் முன்னால் தெரிவது 160 பிக்சல். அதைக் கடக்க 0.44 விநாடி. கண்ணால் கண்டு விரலை அசைக்கவே கால் விநாடி போய்விடும். மீதி நேரத்தில்தான் முள்ளைத் தாண்ட வேண்டும். இதனால்தான் 1993இன் ‘சோனிக் சிடி’ வேகம் கூடும்போது கேமராவை முன்பக்கமாக நகர்த்துகிறது. வேகமாக ஓடும் பாதையின் முடிவில் முன்னறிவிப்பு இல்லாமல் எதிரியை நிறுத்துவதைக் கடினம் என்று சொல்லக் கூடாது. மனித நரம்பு மண்டலத்தால் முடியாததைக் கேட்கும் அநியாயம் அது.

கடினம் வேறு, அநியாயம் வேறு

நல்ல லெவல் ஓர் ஆசிரியர். ‘சூப்பர் மரியோ’வின் முதல் லெவலில் ஒரே ஒரு எதிரி மெதுவாக நம்மை நோக்கி வருகிறது. தாவத் தெரியாவிட்டால் ஆரம்பத்திலேயே சாவோம். இழப்பு சில விநாடிகள்தான். கேள்விக்குறிப் பெட்டியிலிருந்து வெளிவரும் காளான் குழாயில் மோதி நம்மிடமே திரும்பி வரும். எதிரி தீமை, காளான் நன்மை என்பதை ஒரு சொல்லும் எழுதாமல் கேம் சொல்லிக்கொடுத்துவிடுகிறது.

ரசிகர் செய்யும் கேம்களில் இந்தப் படிநிலை அடிக்கடி காணாமல்போகும். காரணம் எளியது. தன் லெவலைச் செய்தவர் அதை நூற்றுக்கணக்கான முறை ஆடியிருப்பார். எங்கே முள் வரும் என்பது அவர் கைக்கு மனப்பாடம். அவருக்குச் சலிப்பூட்டும் அளவுக்கு எளிதான இடம் புதியவருக்குப் பெரும் சுவர். கண்ணுக்குத் தெரியாத பொறிகளை வேண்டுமென்றே வைக்கும் வகையும் உண்டு. 2007இல் வந்த ‘ஐ வான்னா பி த கை’ அதற்குப் பேர்பெற்றது. அங்கே ஏமாற்றப்படுவோம் என்று தெரிந்தே ஆடுகிறோம். அந்த உடன்பாடு இல்லாத இடத்தில் அதே பொறி துரோகமாகிவிடும்.

மதிப்பிட எளிய வழி இருக்கிறது. சாகும்போது ‘ஏன் செத்தேன்’ என்று உடனே புரிகிறதா? மறுபடி தொடங்க எவ்வளவு நேரம் ஆகிறது? 2010இன் ‘சூப்பர் மீட் பாய்’ கடினத்துக்குப் பெயர்போனது. ஆனால் செத்த கணமே மீண்டும் தொடக்கத்தில் நிற்போம். அதனால் ஒவ்வொரு சாவும் பாடமாகிறது.

நகலும் புரிதலும்

இனி ரசிகர் கேம்களுக்கே உரிய கேள்வி: மூலத்துக்கு எவ்வளவு உண்மையாக இருக்கிறது? ‘மெட்ராய்டு 2’ ஓடிய கேம்பாய் திரை 160க்கு 144 பிக்சல்தான், நிறம் கிடையாது. நாயகி சாமஸின் உருவம் திரையில் பெரிதாக இருந்ததால் சுற்றிலும் தெரியும் இடம் குறைவு. வரைபடமும் இல்லை, ஒன்றுபோல் இருக்கும் குகைகளில் வழி தவறுவது சாதாரணம். குவாஸ்தி பார்வையை அகலமாக்கினார், வரைபடம் தந்தார், கட்டுப்பாடுகளை 2004இன் ‘மெட்ராய்டு: ஸீரோ மிஷன்’ தரத்துக்கு மாற்றினார், புதிய பகுதிகளும் சேர்த்தார். ஆனால் தனிமையில் ஆழத்துக்கு இறங்கி வேட்டையாடும் அந்த உணர்வைத் தொடவில்லை. கருவியின் குறை எது, கேமின் குணம் எது என்று பிரித்தறிந்ததுதான் அவரது திறமை.

அந்தத் திறமைக்குத் தொழில்துறையும் மதிப்பளித்தது. பின்னர் மூன் ஸ்டுடியோஸ் அவரைப் பணிக்கு எடுத்தது. 2020இல் வந்த ‘ஓரி அண்ட் த வில் ஆஃப் த விஸ்ப்ஸ்’ கேமில் அவர் பங்களித்தார். சேகா நிறுவனம், சோனிக் ரசிகராக இருந்த ஆஸ்திரேலியர் கிறிஸ்டியன் வைட்ஹெட்டையும் அவருடைய கூட்டாளிகளையும் அழைத்து 2017இல் ‘சோனிக் மேனியா’வை உருவாக்கியது. மரியோ ரசிகர்களுக்காக ‘சூப்பர் மரியோ பிரதர்ஸ் எக்ஸ்’ செய்த ஆண்ட்ரூ ஸ்பிங்க்ஸ் 2011இல் ‘டெரேரியா’ கேமைக் கொண்டுவந்தார். பாத்திரம் இன்னொருவருடையதாக இருக்கும்வரை சட்டத்தின் கத்தி தலைக்குமேல்தான். ஆனால் தாவலைச் செதுக்கக் கற்ற கை அவர்களுக்கே சொந்தம்.

‘இலவசம்தானே, ரசிகர்தானே’ என்று எல்லாவற்றையும் பாராட்டுவது உழைத்தவருக்கு உதவாது. ‘குப்பை’ என்று ஒரே சொல்லில் தள்ளுவதும் உதவாது. அடுத்தமுறை ஒரு ரசிகர் செய்த கேமை ஆடினால், எந்த லெவலில், எந்த இடத்தில், என்ன செய்தபோது, என்ன நடந்தது என்று நான்கு வரி அவருக்கு எழுதுங்கள். தாவல், பதில் வேகம், கேமரா, நியாயம் - இந்த வரிசையில் பாருங்கள். படமும் இசையும் கடைசியில் வரட்டும். அந்த நான்கு வரியை வைத்துக்கொண்டு அவரால் அன்றிரவே ஒரு குறையைச் சரிசெய்ய முடியும்.