இயந்திரத்துக்கு ஒரு பஞ்சாங்கம்

நாள் குறித்து வைத்துக் காத்திருப்பது சின்ன காஞ்சிபுரத்தாருக்குப் புதிதன்று. வரதராசப் பெருமாள் கோயிலின் அனந்தசரஸ் குளத்துள் எழுந்தருளியிருக்கும் அத்தி வரதர், 40 ஆண்டுகளுக்கு ஒரு முறை வெளிவருகிறார். 1979-இல் வந்தவர், மீண்டும் 2019-இல் ஜூலை 1 முதல் ஆகஸ்டு 17 வரை 48 நாள் காட்சி தந்து நீருள் சென்றார். அந்த 1979-ஆம் ஆண்டிலேதான், அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடம் வெளியிட்ட ஏழாம் பதிப்பு யூனிக்ஸுடன் ‘கிரான்’ என்னும் சிறு நிரலும் வந்தது. குறித்த நேரத்தில், ஆள் துணையின்றி, சொன்ன வேலையைச் செய்வது அதன் தொழில்.

என் பழைய மாணாக்கர் ஒருவர் வலைத்தளம் வழியே பட்டுச் சேலைகளுக்கு ஆர்டர் பெறுகிறார். நெசவாளர்க்குத் தரவேண்டிய கூலிக் கணக்கும் அதிலேயே உள்ளது. அது அழிந்தால், யாருக்கு எவ்வளவு பாக்கி என்பதை வாய்ச்சொல்லால்தான் தீர்க்க வேண்டும். ஆதலின் இரவுதோறும் நகல் எடுக்கும் வேலையைக் கிரானிடம் ஒப்படைக்கச் சொன்னேன்.

ஹோஸ்டிங் கணக்கில் இதற்கு ஐந்து கட்டங்கள் உண்டு: நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை. ஒரு கட்டத்தில் நட்சத்திரக் குறி இட்டால், ‘எதுவாயினும் சரி’ என்று பொருள். (கோயிலில் நட்சத்திரம் பார்த்து நாள் குறிப்பர், இங்கோ நட்சத்திரம் இட்டால் நாளே பார்ப்பதில்லை!) ‘0 21 * * *’ என்றால் நாள்தோறும் 21 மணிக்கு. எந்த ஊர் 21 மணி? அங்கேதான் பலர் இடறுகின்றனர். சர்வர்கள் பல உலகப் பொது நேரத்தில் ஓடுகின்றன; நமது நேரம் அதற்கு ஐந்தரை மணி முந்தியது. ஆகவே நமக்கு அது பின்னிரவு 2.30.

தேதி, கிழமை இரண்டையும் குறித்தால் இரண்டும் ஒருங்கே பொருந்த வேண்டுமென்று எண்ணற்க. 1-ஆம் தேதியும் வெள்ளியும் குறித்தால், ஒவ்வொரு 1-ஆம் தேதியும் வேலை நடக்கும். ஒவ்வொரு வெள்ளியும் நடக்கும். ஆண்டுக்கோ கட்டமே இல்லை. அத்தி வரதரின் கணக்கு இதற்குள் அடங்காது.

குறித்த நிமிடத்தில் சர்வர் நின்றிருந்தால், சாதாரணக் கிரான் விட்ட வேலையைப் பின்னர்த் தேடிச் செய்யாது. வேலையிடையே எழும் செய்திகளை மின்னஞ்சலில் அனுப்பும். அம்முகவரியை நிரப்பாமல் விடுவோரே மிகுதி. நகலை அதே சர்வரில் வைப்பதும் வீண். வீட்டுக் கணினிக்கும் ஒன்று வரவேண்டும். மாதம் ஒரு முறை அந்நகலிலிருந்து ஒரு நெசவாளியின் கணக்கை மீட்டு, அவருடைய கூலிப் புத்தகத்தோடு ஒப்பிடுமாறு கூறினேன். அந்த ஒரு வேலையை மாணாக்கர் தம் கையாலேயே செய்து வருகிறார்.