வயலின் முதல் பந்தி

நட்டுச் சில வாரமே ஆன நெல் வயலில் பயிரைத் தின்னும் பூச்சிகள் குறைவு. ஆனால் அவற்றைத் தின்னும் சிலந்திகளுக்குப் பஞ்சமில்லை. இரை வருவதற்கு முன்பே வந்துவிட்ட இவை எதைத் தின்று பிழைக்கின்றன? இந்தோனேசியாவின் ஜாவா தீவில் வில்லியம் செட்டிலும் உடன் ஆய்வாளர்களும் இதைத் துருவி, 1996இல் விடையை வெளியிட்டார்கள்.

விடை சேற்றில் இருந்தது. தாளும் எருவும் மட்கும்போது நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. அவற்றையும் மட்கையும் நீரில் மிதக்கும் பாசியையும் தின்று, கொசு போலிருந்தும் கடிக்காத சிற்றீக்களின் புழுக்கள் வளர்கின்றன. சிறகு முளைத்து அவை மேலெழும் நேரம்தான் சிலந்திக்கு முதல் பந்தி. நெல்லைத் தொடாத, உழவர் கண்ணில் படாத இந்த அற்ப உயிர்கள்தாம் காவல்படையைப் பட்டினியில்லாமல் வைத்திருக்கின்றன. சோதனை வயல்களில் மட்கும் பொருளைக் கூட்டியபோது சிற்றுயிர்கள் பெருகின; அவற்றைத் தொடர்ந்து, வேட்டையாடும் பூச்சிகளும் சிலந்திகளும் பெருகின. பூச்சிமருந்தை நிறுத்துவது பாதி வேலை. சேற்றுக்குத் தீனி போடுவது மறுபாதி. இயற்கை வேளாண்மையைப் பற்றிய பேச்சில் இந்த மறுபாதி போதிய அளவு பேசப்படுவதில்லை என்பது என் ஆதங்கம்.

மருந்து அடித்தால் என்ன ஆகும் என்பதற்கு, நெல்லைத் தாக்கும் புகையான் பூச்சியே சாட்சி. அது முட்டைகளை இலையுறைக்குள் செருகிவிடும். தெளிப்பு அங்கே எட்டாது. வெளியே சிலந்திகள் மடிந்துவிட, பொரித்து வரும் குஞ்சுகளைத் தடுக்க ஆளில்லை. மருந்தடித்த வயலில்தான் புகையான் பெருகுகிறது என்பதைப் பிலிப்பைன்ஸில் பீட்டர் கென்மோர் ஆராய்ந்து காட்டினார். 1986இல் இந்தோனேசிய அரசு நெல்லுக்கு அடித்துவந்த 57 மருந்துகளைத் தடை செய்தது. பூச்சிமருந்து மானியத்தையும் படிப்படியாக நிறுத்தியது. சிலந்தியின் பசியை நம்பி ஓர் அரசு எடுத்த முடிவு அது. அத்தனை துணிச்சலான வேளாண் முடிவுகள் அபூர்வம்.

நெல்லைத் தாண்டியும் கணக்கு உண்டு. 94 ஆய்வுகளைத் தொகுத்து ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட முடிவின்படி, இயற்கைப் பண்ணைகளில் உயிரின வகைகள் சராசரியாக 30 சதவீதம் அதிகம். தேனீ முதலிய மகரந்தம் பரப்பும் பூச்சிகளில் வேறுபாடு இன்னும் பெரிது, சுமார் 50 சதவீதம். ஆனால் அந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் நடந்தவை. வெப்பமண்டல வயல்கள் மிகக் குறைவு.

அதே ஆண்டு ஐரோப்பாவிலும் ஆப்பிரிக்காவிலும் 205 பண்ணைகளை அளந்த இன்னொரு குழு, பயிர் நிற்கும் வயலுக்குள் 10.5 சதவீத வேறுபாட்டைக் கண்டது. வேலி, புல்வெளி உட்பட பண்ணை முழுவதையும் சேர்த்து எண்ணியபோது அது 4.6 சதவீதமாகச் சுருங்கியது. பயிரில்லாத ஓரங்களில் வாழும் உயிர்கள் அவ்வளவு. ஆகவே இயற்கைச் சான்றிதழ் தருபவர்கள் உரத்தையும் மருந்தையும் மட்டுமன்றி, வரப்பையும் வாய்க்காலையும் பார்த்தாக வேண்டும். வயலைச் சுற்றியுள்ள நிலத்தின் நிலையும் முக்கியம்: ஜாவாவிலேயே, ஊர் முழுக்க ஒரே சமயத்தில் நட்டு அறுத்து, பிறகு நிலத்தை நெடுநாள் தரிசாகக் காயவிட்ட பகுதிகளில், அடுத்த நடவுக்குச் சிலந்திகள் வந்து சேரத் தாமதமானது. அந்த இடைவெளியில் வந்திறங்கும் புகையானைத் தடுக்க வயலில் போதிய காவல் இருப்பதில்லை.